கழுதையும் எங்கள் கத்தரியும்

வேறு ஊர்களில் தோட்டத்துக்கு முயல்தான் எதிரியாம். ஓலைத்தொடுவாயில் கழுதை. உம்மா கிணற்றில் அள்ளி ஊற்றி வளர்த்த கத்தரியும் மிளகாயும் ஒரே இரவில் மொட்டை. சாச்சா முட்கம்பி அடிக்கச் சொன்னார். கம்பி கிழித்த காலோடு ரோட்டில் நிற்கும் கழுதைகளை உம்மா கண்டிருக்கிறார், சம்மதிக்கவில்லை.

1990 ஒக்டோபரில் மன்னார் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது உம்மும்மாவும் புத்தளம் போனவர். “நாங்க திரும்பி வாற வரைக்கும் இந்த வளவுல அதுகள்தானே இருந்த” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சாச்சா பிறகு கம்பிப் பேச்சை எடுக்கவில்லை.

பனைமட்டையை நெருக்கி, நெஞ்சுயரத்துக்கு வேலி கட்டினோம். இடைவெளி கிடைத்தால் கழுதை தலையை நுழைத்து மேயும். அதனால் கன்றுகளை வேலியிலிருந்து இரண்டு முழம் உள்ளே தள்ளி நட்டோம். படலைக்கு இரும்புக் கொண்டி. வெயில் காலத்தில் படலைக்கு வெளியே ஒரு வாளி தண்ணீரும் வைக்கிறோம். வாளியைச் சில நாள் உதைத்துக் கவிழ்த்தும் விடுகின்றன. மிளகாய் இப்போது பூத்திருக்கிறது.