அப்பாவின் கைக்கடிகாரம்

பெற்றோர் விட்டுச் செல்லும் பொருள்களுள் வீடும் நிலமும் பத்திரத்தோடு வருகின்றன. அவற்றைப் பங்கிடச் சட்டம் உண்டு. ஒரு கைக்கடிகாரத்தை என்ன செய்வது என்பதற்குச் சட்டம் ஏதும் இல்லை. உடன்பிறந்தோர் கூடிப் பேசித்தான் முடிவு காணவேண்டும். எங்கள் இல்லத்தில் அம்முடிவுக்கு வர நான்கு மாதங்கள் ஆயின.

எங்கள் தந்தையார் பள்ளி ஆசிரியர். 1956ஆம் ஆண்டு, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் சுவிட்சர்லாந்து நாட்டுக் கைக்கடிகாரம் ஒன்றை வாங்கினார். நாள்தோறும் காலையில் சாவி கொடுத்து அணிந்துகொள்வார். 1983ஆம் ஆண்டு அவர் காலமானபின் அது துணியில் சுற்றப்பட்டு இரும்புப் பெட்டியில் கிடந்தது. பேத்தியின் திருமணத்தை முன்னிட்டு அதனைச் சீர்செய்ய விரும்பி வெளியே எடுத்தோம்.

கண்ணாடி மங்கியிருந்தது; எண்ணெய் காய்ந்து சக்கரங்கள் இறுகியிருந்தன. எங்களை வருத்தியதோ டயல்தான். எண்கள் பழுப்பேறியிருந்தன. பழுதுபார்க்கும் பெரியவர் முட்களை மெல்ல நகர்த்தியபோது, அவை இருந்த இடத்தில் கருநிழல் ஒன்று படிந்திருக்கக் கண்டோம். மணி நாலேகாலைக் காட்டும் நிழல். அது தந்தையார் இறந்த நேரமன்று. சாவி கொடுப்பார் இன்றிக் கடிகாரம் நின்றுபோன நேரம்.

எங்களுள் இளையவர், “பழைய வர்ணத்தை நீக்கிப் புதிதாக எழுதிவிடலாம்” என்றார். மூத்தவரோ, “பார்த்துப் பழகிய முகத்தை மாற்றலாகாது” என்றார். தொண்ணூறு வயதான அன்னையார் இளையவர் பக்கமே பேசினார். “அப்பா கட்டியிருந்தபோது இந்தக் கறை ஏது? சட்டையில் ஒரு துளி மை பட்டால்கூடப் பொறுக்கமாட்டாரே!” அச்சொல்லுக்கு மூத்தவரால் மறுமொழி கூற இயலவில்லை.

பெரியவர் மட்டும் ஒன்று வினவினார்: “இந்த எண்கள் இருட்டில் ஒளிருமா?”

ஒளிர்ந்தன. பிள்ளைப் பருவத்தில் அந்தப் பச்சை ஒளியைக் காணத் தந்தையாரின் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்வோம். “அப்படியானால் இது ரேடியம். சுரண்டக் கூடாது” என்றார் அவர். இப்பொழுது ஒளி இல்லையே என்றோம். கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் உறவினர் கைகர் கருவியை அருகில் வைத்துக் காட்டினார். அது படபடவென ஒலித்தது.

அவர் விளக்கியது இது. அக்காலத்தில் ரேடியத்தோடு துத்தநாக சல்பைடைக் கலந்து எண்களின்மேல் பூசினர். ரேடியத்தின் கதிர் பட்டுத் துத்தநாக சல்பைடு ஒளிரும். ஆண்டுகள் செல்லச் செல்ல அது நலிந்து ஒளி அவிந்துவிடும், ரேடியம் நலிவதில்லை. அது பாதியாகக் குறைய ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் வேண்டும். தந்தையார் வாங்கிய நாள்முதல் இன்றுவரை நூற்றில் மூன்று பங்களவே குறைந்திருக்கும். நின்றுபோன முட்களில் இருந்த ரேடியமே ஓரிடத்தில் பல்லாண்டு கதிர் வீசி அந்நிழலை எழுதியது.

மேரி கியூரி அம்மையாரும் அவர் கணவரும் 1898ஆம் ஆண்டு கண்டறிந்த பொருள் இது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் டயல்களுக்கு இதனைப் பூசிய இளம்பெண்கள், தூரிகை முனையை உதடுகளால் கூராக்கும்படி பயிற்றுவிக்கப்பட்டனர். பலருக்குத் தாடையெலும்பு அரித்தது, பலர் மாண்டனர். கிரேஸ் பிரையர் முதலிய ஐந்து பெண்கள் 1927ஆம் ஆண்டு வழக்குத் தொடுத்தனர். மறு ஆண்டு இழப்பீடு பெற்றனர். பிரையர் 1933ஆம் ஆண்டு இறந்தார்.

இதனைக் கேட்டபின் எங்கள் வழக்கின் தன்மையே மாறிற்று. டயலுக்குப் புது வர்ணம் வேண்டுமாயின், யாரோ ஒருவர் பழைய வர்ணத்தைச் சுரண்டவேண்டும். அந்தத் தூள் அவருடைய மூச்சில் சேரும். உடலுக்குள் சென்ற ரேடியம் எலும்பில் தங்கிவிடும். அன்னையார் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், “அந்த வேலையைச் செய்கிறவனும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே. கறை இருந்துவிட்டுப் போகட்டும்” என்றார். இளையவர் அதன்பின் வற்புறுத்தவில்லை.

பெரியவர் கையுறையும் முகமூடியும் அணிந்து, டயலையும் முட்களையும் கழற்றி மூடிய உறையில் இட்டார். உள்பாகங்களை ஈரத்துணியால் துடைத்து, எண்ணெயிட்டு, வில்லையும் கண்ணாடியையும் மாற்றினார். பின் டயலைப் பழையபடியே பொருத்தினார். திருமணத்தன்று மணமகன் அதனை ஒரு மணி நேரம் அணிந்தார். இப்பொழுது அது படுக்கையறையில் அன்றி, கூடத்து அலமாரியில் மூடிய பெட்டிக்குள் இருக்கிறது.

நம் குடும்பங்கள் பலவற்றில் இத்தகைய பழைய கடிகாரங்கள் இருக்கக்கூடும். 1960களுக்கு முற்பட்ட, ஒளிரும் எண்கள் உடையவை எனில், வீட்டில் திறக்காதீர்கள். குழந்தைகள் கையில் தராதீர்கள். கண்ணாடி உடைந்திருந்தால் மூடிய உறையில் இட்டுவையுங்கள். டயலின் அடியில் சுவிஸ் என்ற சொல்லின் இருபுறமும் ‘டி’ என்ற ஆங்கில எழுத்து இருப்பின், அது பிற்காலத்து டிரிட்டியம். பன்னிரண்டு ஆண்டுகளில் பாதியாகக் குறைவது. தீங்கு மிகக் குறைந்தது. பழுதுபார்க்கக் கொடுக்கும்போது, உள்ளே ரேடியம் இருக்கலாம் என்பதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.