தறிக்கு ஏத்த பாட்டு எது? வாட்ஸ்அப்பில் வெடித்த குடும்பச் சண்டை!

2002-ல் பிபிசி உலக சேவை தன் 70-வது ஆண்டையொட்டி, உலகத்துக்குப் பிடித்த பாட்டு எது என்று நேயர்களிடம் ஓட்டெடுப்பு நடத்தியது. ‘தளபதி’ படத்தின் ராக்கம்மா பாட்டுக்கு நான்காம் இடம்! ஷெருக்கு எட்டு, குயீன் குழுவுக்குப் பத்துதான். மூன்றாம் இடத்தில் 1987-ல் வந்த பாகிஸ்தான் பாப் பாட்டு. ஐந்தாவது, திருமலைச் சந்திரன் பாடிய ஈழத்துப் பாட்டு. ஊரைவிட்டுத் தூரமாகப் போனவர்கள்தான் விழுந்து விழுந்து ஓட்டுப் போட்டிருப்பார்கள் என்பது என் கணக்கு.

எங்கள் காஞ்சிபுரம் குடும்ப குரூப்பிலும் போன வாரம் ஓர் ஓட்டெடுப்பு. எண்பதுகளின் கடைசியில் வந்த ஆட்டப் பாட்டுகளில் ‘பெஸ்ட்’ எந்தப் படம்? புன்னகை மன்னன், விக்ரம், அக்னி நட்சத்திரம், அபூர்வ சகோதரர்கள், கரகாட்டக்காரன் என்று ஐந்து பெயர் போட்டான் அத்தை மகன்.

“அஞ்சும் இளையராஜாவா? 87-ல வந்த ‘மனிதன்’ எங்கடா? சந்திரபோஸ்னு ஒருத்தர் இருந்தாரு, தெரியுமா?” என்று பெரியப்பா வாய்ஸ் நோட்டில் எகிறினார். அவர் கட்சியில் நானும் இருக்கிறேன். ஆனால், சண்டை அதற்குள் வேறு பக்கம் திரும்பிவிட்டது.

மாமாதான் திருப்பினார். “எந்தப் பாட்டா இருந்தாலும் தறிக்கு ஒத்துவரணும். அக்னி நட்சத்திரம் பாட்டு போட்டா கை ஓடிடும், அடி சீரா விழாது. அப்பா உடனே டேப்பை நிறுத்திடுவார்.”

அப்போது கேசட்டில் பாட்டுப் பதிந்து தரும் கடைகள் இருந்தன. பேப்பரில் பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். 60 நிமிட கேசட் என்றால் பன்னிரண்டு, பதிமூன்று பாட்டு. ஒன்று உள்ளே வந்தால் இன்னொன்று வெளியே. அந்தக் காலத்து ஓட்டெடுப்பு அதுதான். தாத்தா வீட்டில் ஓட்டுரிமை மாமா ஒருவருக்கே!

அம்மா ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் நின்றவர். புடவையின் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்றால் கோர்வை போட வேண்டும். நெய்பவர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து, அந்தப் பக்கத்துக் கரைக்கு நாடா தள்ள வேண்டும். தாத்தாவுக்கு அம்மா தள்ளினார். காலையிலிருந்து சாயங்காலம்வரை, மாமா எழுதிய பட்டியலைக் கேட்டுக்கொண்டே.

குரூப்பில் ‘குட் மார்னிங்’ தவிர எதுவும் போடாத அம்மா, அன்றைக்கு வாய்ஸ் நோட் அனுப்பினார்.

“அண்ணா, மெதுவான பாட்டு போட்டா எனக்குத் தூக்கம் சொக்கும். நாடா தவறும். அப்பா தலையில குட்டுவார். அக்னி நட்சத்திரம் பாட்டு வந்தாதான் முழிப்பே வரும். அதைத்தான் நிறுத்துவீங்க.”

சிரிக்கிற பொம்மைகள் நாலைந்து வந்து விழுந்தன. மாமாவிடமிருந்து சத்தமே இல்லை. ‘டைப்பிங்’ என்று வரும், போகும். கடைசியில், “நீ கேட்டிருந்தா எழுதியிருப்பேனே” என்றார்.

“யார் என்னைக் கேட்டா?” என்று அம்மா பதில் போட்டுவிட்டு, தோசைக்கு மாவு கரைக்கப் போய்விட்டார்.

ஜெயித்தது என்னவோ கரகாட்டக்காரன்தான். பதினோரு ஓட்டு. அக்னி நட்சத்திரத்துக்கு மூன்று: அம்மா, நான், ராத்திரி பதினொன்றரைக்கு மாமா.