நடக்கப் பயந்த இதயம்

மாரடைப்பிலிருந்து பிழைத்து வீடு திரும்புபவரின் மருந்துச் சீட்டில், மாத்திரைகளின் பெயர்களுக்குக் கீழே பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: தினமும் நடக்கவும். மாத்திரைகளை வேளை தவறாமல் விழுங்குகிறவர்கள்கூட இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சோம்பல் என்று வீட்டார் நினைக்கலாம். பல சமயம் அது பயம்.

பெங்களூர் ஜோகுபாளையத்தில் 58 வயதுக்காரர் ஒருவர் இப்படித்தான் வீட்டுக்குள் முடங்கினார். 2021 ஆகஸ்டில் மாரடைப்பு. அடைபட்ட ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். சில நாளில் வீடு திரும்பிவிட்டார். அதன்பின் அவர் எதைத் தொட்டாலும், "ஏங்க, நீங்க குனியாதீங்க" என்று மனைவி ஓடி வந்தார். தண்ணீர் வாளியும் காஸ் சிலிண்டரும் மகன் கைக்கு மாறின. இரவில் மனைவி எழுந்து, கணவர் மூச்சு விடுகிறாரா என்று பார்ப்பார். தூங்குவதுபோல் கண்ணை மூடியபடி அவர் அதைக் கவனித்துக்கொண்டிருப்பார்.

அக்டோபரில் ஒருவழியாகத் தெருமுனை வரை போக ஆரம்பித்தார். அந்த மாதம் 29-ம் தேதி கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் இறந்தார். வயது 46. காலையில் உடற்பயிற்சிக்குப் பின் உடம்பு சரியில்லை என்று மருத்துவரிடம் போனவர். நகரமே கலங்கியது. இதயப் பரிசோதனைக்கு ஜெயதேவா மருத்துவமனையில் கூட்டம் நெரித்தது. ஜோகுபாளையத்துக்காரர் செருப்பைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார். "அவருக்கே அப்படின்னா நான் எந்த மூலைக்கு?"

மருத்துவத்தில் இந்தப் பயத்துக்கு 'கைனீசியோஃபோபியா' என்று பெயர். உடல் அசைவைக் கண்டு அஞ்சுவது. 1990-ல் தீராத வலிக்காரர்களை மனதில் வைத்து உருவாக்கிய சொல், பிறகு இதய நோயாளிகளுக்கும் பொருந்தியது. வேகமாக நடந்தால் நெஞ்சு படபடக்கும், மூச்சு வாங்கும், வியர்க்கும். மாரடைப்பு வந்த இரவிலும் அவருக்கு இதேதான் நடந்தது. ஆரோக்கியத்தின் அடையாளமும் ஆபத்தின் அடையாளமும் ஒன்றுபோலத் தெரியும்போது யார்தான் பயப்படமாட்டார்கள்?

ஒரு காலத்தில் மருத்துவர்களே பயந்தார்கள். 20-ம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மாரடைப்பு நோயாளிகளை வாரக்கணக்கில் படுக்கையை விட்டு எழ விடவில்லை. 1952-ல் அமெரிக்காவில் சாமுவேல் லெவைனும் பெர்னார்ட் லோனும் அவர்களை நாற்காலியில் உட்காரவைக்கலாம் என்று எழுதியதே அன்று துணிச்சலாக இருந்தது. இத்தனைக்கும், தினமும் அரை மணி நேரம் மரம் அறுத்து ஏறக்குறையக் குணமான நெஞ்சுவலிக்காரரைப் பற்றி ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹெபர்டனின் நூல் 1802-லேயே சொல்லியிருந்தது.

பயத்துக்குக் கணக்கும் பதில் சொல்கிறது. அமெரிக்காவில் கண்காணிப்புடன் நடக்கும் இதயப் பயிற்சி மையங்களைப் பற்றி 1986-ல் வெளியான ஆய்வில், சுமார் 1,12,000 மணி நேரப் பயிற்சிக்கு ஒரு முறைதான் இதயம் நின்றது. அப்படி நின்றவர்களிலும் பெரும்பாலோர் காப்பாற்றப்பட்டார்கள். மறுபக்கம், 85 ஆய்வுகளைத் தொகுத்த 2021-ம் ஆண்டின் காக்ரேன் அறிக்கை, பயிற்சி செய்தவர்களிடம் இதய நோயால் ஏற்படும் மரணமும் மறு மாரடைப்பும் குறைந்ததைக் காட்டியது. ஓடத் தயங்குகிறவர்களுக்கு யோகாவும் ஒரு வழி. இந்தியாவில் 24 மருத்துவமனைகளில் ஏறக்குறைய 4,000 பேரிடம் நடந்து, 2020-ல் வெளியான ஆய்வில், யோகா கற்றவர்கள் பழைய வேலைகளுக்கு நன்றாகத் திரும்பினார்கள். மரணத்தையும் மறு மாரடைப்பையும் அது குறைத்தது என்று மட்டும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஆனால் கணக்கைச் சொல்லி யாரையும் நடக்கவைக்க முடியாது. ஜோகுபாளையத்துக்காரரின் டாக்டர், அவரைப் பரிசோதித்துவிட்டு ஒரு பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார். ஆறு நிமிட நடை. மூன்றாவது நிமிடத்தில் நின்றுவிட்டார்.

"மூச்சு வாங்குதும்மா."

"பேச முடியுதா சார்?"

"பேசிக்கிட்டுதானே இருக்கேன்."

"அப்ப நடங்க."

அந்தப் பெண் சொன்ன அளவுகோல் அவ்வளவுதான். சில மாத்திரைகள் நாடித்துடிப்பை அடக்கிவைப்பதால் நாடியை மட்டும் நம்ப முடியாது. பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் வேகம் சரி. வாக்கியம் பாதியில் அறுந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். நெஞ்சில் பாரம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, தலைசுற்றல் – இவை வந்தால் உடனே நிறுத்த வேண்டும். ஓய்வெடுத்தும் அடங்காவிட்டால் தாமதிக்காமல் மருத்துவமனை.

முதல் வாரம் ஆறு விளக்குக் கம்பங்கள். அடுத்த வாரம் எட்டு. சில மாதங்களில் அல்சூர் ஏரிப் பக்கம், 18 ஆண்டுகள் மூடிக் கிடந்து 2009-ல் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை வரை போய்வந்தார். பயம் ஒரேயடியாகப் போய்விடவில்லை. எந்தப் படபடப்புக்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று கால்கள்தான் அவருக்குக் கற்றுக்கொடுத்தன.

அவருக்குத் துணையாக நடக்க ஆரம்பித்த மனைவி இப்போதும் "மெதுவாப் போங்க" என்கிறார். கணவரின் இதயத்தை நினைத்து அல்ல, தன் முழங்காலை நினைத்து.