ஜெலாப்பாங் திடலில் ஒரு நெட்டைப் பையன்

மலாய்மொழியில் ‘ஜெலாப்பாங்’ என்றால் நெற்களஞ்சியம். ஈப்போவின் வடமேற்கில் இருக்கும் இந்த ஊரில் இன்று கண்ணில் படுவது நெல் அல்ல. தாமான் வீடுகளும் பட்டறைகளும் அவசரகாலத்தில் உருவான புதுக்கிராமமும்தான். கோலகங்சாரிலிருந்து வரும் நெடுஞ்சாலை, மெனோரா சுரங்கத்தைத் தாண்டி மலையிறங்கி இந்தப் பக்கமாகத்தான் வருகிறது. அடிவாரத்தில் முன்பு டோல் சாவடி இருந்தது. பிரேக் பிடிக்காத லாரிகள் அங்கே மோதிய கதைகளை ஊர்க்காரர்கள் இன்னும் சொல்கிறார்கள்.

மாலையில் சீன இளைஞர்கள் கூடைப்பந்துத் திடலில் கூடிவிடுகிறார்கள். சுல்தான் அஸ்லான் ஷா கிண்ண ஹாக்கி நடக்கும் ஊர் ஈப்போ. நம் பிள்ளைகள் பெரும்பாலும் ஹாக்கி அல்லது காற்பந்துப் பக்கம் போவார்கள். அன்று அந்தக் கூட்டத்தில் ஒரு தமிழ்ப் பையனும் ஆடினான். எல்லாரையும்விட ஒரு தலை உயரம். கல்லூரி அணியின் நட்சத்திரமாம். வேலியோரம் நின்ற அவன் அப்பா லாரி ஓட்டுநர். நான் வானொலியில் இருப்பது தெரிந்ததும் கேட்டார்: “தம்பி, இவன் இதையே தொழிலா எடுத்துக்கலாமா?”

நமக்கு உடனே நாக்கில் வருவது, ‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்ற பழமொழி. கூடைப்பந்தில் அது பலமுறை பொய்த்திருக்கிறது.

கனடாவில் பிறந்த பஞ்சாபி இளைஞர் சிம் புல்லார், 7 அடி 5 அங்குலம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக ஆடி, 2013, 2014 இரண்டு ஆண்டும் தம் பிரிவுப் போட்டியில் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார். 2014 என்பிஏ தேர்வில் 60 பேரை எடுத்தார்கள், அவரை எடுக்கவில்லை. 2015 ஏப்ரலில் சாக்ரமெண்டோ கிங்ஸ் வாய்ப்பளித்தது. என்பிஏவில் ஆடிய முதல் இந்திய வம்சாவளியினர் என்ற பெருமை கிடைத்தது. ஆனால் ஆடியது 3 ஆட்டங்கள், மொத்தம் சுமார் 3 நிமிடங்கள். பிறகு தைவானில் போய் ஆடினார். அதுவும் சம்பளம் தரும் தொழில்தான். தோல்வி என்று ஒதுக்கிவிட முடியாது.

மறுபக்கம் ஸ்டீபன் கரி. டேவிட்சன் என்ற சிறிய கல்லூரியில் படித்தவர். உடம்பு ஒல்லி என்று தயங்கினார்கள். 2009 தேர்வில் அவருக்கு முன்னால் 6 பேரை எடுத்தார்கள். இன்று என்பிஏ வரலாற்றில் அதிக மூன்று புள்ளிக் கோல்கள் போட்டவர் அவர்தான்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? கல்லூரியில் எத்தனை புள்ளி எடுத்தான் என்பது பாதிக் கணக்கு. எதிரே நின்றவன் யார், அப்போது இவனுக்கு வயது என்ன என்பதும் சேர வேண்டும். 22 வயதில் செய்வதை 19 வயதில் செய்பவனுக்கு இன்னும் வளர இடமிருக்கிறது. உயரத்தைவிடக் கால்களைப் பார்க்க வேண்டும்: பக்கவாட்டில் நகர முடிகிறதா, ஓட்டத்தை நிறுத்தித் திரும்ப முடிகிறதா? அடுத்தது ஃப்ரீ த்ரோ. மூன்று புள்ளிக் கோடு என்பிஏவில் 7.24 மீட்டர் வரை பின்னால் போகிறது. கல்லூரி ஆட்டத்தில் அவ்வளவு தூரம் இல்லை. ஃப்ரீ த்ரோ கோடு மட்டும் இரண்டிலும் ஒரே 15 அடி. யாரும் மறிக்காதபோது கை எவ்வளவு சுத்தம் என்பது அங்கே தெரிந்துவிடும்.

இதைச் சொன்னதும் அவர் சிரித்தார். “இறக்கத்துல வேகம் எந்த வண்டிக்கும் வரும் தம்பி. நிறுத்தத் தெரியணும்.”

பையனைக் கவனித்தோம். குதித்தால் பந்து அவனுக்குத்தான். ஆனால் குள்ளமான ஒருவன் சட்டென்று திசை மாறினால் இவன் இரண்டடி தாண்டித்தான் நிற்கிறான். கை நன்றாக இருக்கிறது. கால் இன்னும் பழக வேண்டும்.

நம் நாட்டு அணி ஒன்றும் சாதித்திருக்கிறது. மலேசியா டிராகன்ஸ் 2016இல் ஆசியான் கூடைப்பந்து லீக்கை வென்றது. ஆனாலும் இங்கே கூடைப்பந்தை நம்பி மாதச் சம்பளம் வாங்குவோர் மிகச் சிலரே. அதனால் அவரிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: டிப்ளோமாவை விடாமல் முடிக்கட்டும். இரண்டு வருடம் காலுக்குப் பயிற்சி கொடுக்கட்டும். தன்னைவிட நன்றாக ஆடுகிறவர்களோடு ஆடட்டும். ஜெலாப்பாங்கில் ஜெயிப்பதை வைத்து மட்டும் எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.