வெற்றுத் தோட்டா

காட்டுப்பன்றிகளை விரட்ட என் தந்தையார் வைத்திருந்த கரிமருந்துத் துப்பாக்கியைத் தவிர, வேறெந்தத் துப்பாக்கியும் எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. கீழ்ப்பழநி மலையில், கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர ஆளில்லாத காப்பித் தோட்டத்து வீட்டில், கணவர் மறைந்தபின் நான் தனியே வாழ்ந்து வருகிறேன். பக்கத்துத் தோட்டத்து வீட்டின் கதவை ஓரிரவு எவரோ உடைத்ததிலிருந்து என் தம்பி என்னை விடவில்லை. விண்ணப்பம், காவல்துறை விசாரணை, மருத்துவச் சான்று, பயிற்சிச் சான்று என்று நெடுநாள் அலைந்தபின் உரிமம் கிடைத்தது. பின்னர் ரிவால்வரும் வந்து சேர்ந்தது.

அதன் பெயர் ‘பிரபல்’. கான்பூரிலுள்ள அரசு நிறுவனமான அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்விப்மென்ட் இந்தியா 2023 ஆகஸ்டில் வெளியிட்டது. உரிமம் பெற்ற பொதுமக்களுக்கு அனுமதிக்கப்பட்ட .32 அளவு, குழலின் நீளம் 76 மில்லிமீட்டர், எடை ஏறக்குறைய 700 கிராம். அதே கான்பூரிலிருந்து 2014இல் வந்த ‘நிர்பீக்’ 500 கிராம்தான். 2012 டிசம்பரில் தில்லிப் பேருந்தில் சிதைக்கப்பட்ட மாணவிக்கு நாடு சூட்டிய பெயரின் எதிரொலியோடு, பெண்களுக்கென்றே அது விற்பனைக்கு வந்தது. அச்சமற்றது என்று பொருள். ஒரு இலட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் விலை வைத்து, அந்த அச்சமின்மையைப் பேருந்தில் செல்லும் பெண்ணின் கைக்கு எட்டாமல் செய்துவிட்டார்கள் என்பது வேறு கதை.

பழைய இந்திய ரிவால்வர்கள் இடுப்பு முறிந்ததுபோல் நடுவில் மடங்கித் திறக்கும். பிரபலில் தோட்டாக்களைத் தாங்கும் உருளை பக்கவாட்டில் வெளியே சாய்ந்து வருகிறது. ஆறு அறைகளும் ஒரே பார்வையில் தெரிகின்றன. தோட்டா இருக்கிறதா இல்லையா என்ற ஐயத்துக்கு அங்கே இடமில்லை. இது எனக்குப் பிடித்திருந்தது.

சுடுதளத்தில் பயிற்சியாளராக இருந்தவர் ஓய்வுபெற்ற காவலர். முதல் அரைமணி நேரம் தோட்டாவையே கண்ணில் காட்டவில்லை. குழல் எப்போதும் இலக்கின் பக்கமே நோக்க வேண்டும்; சுட முடிவு செய்யும்வரை ஆட்காட்டி விரல் விசைக்கு வெளியே நீண்டு கிடக்க வேண்டும். இவ்விரண்டையும் செபமாலை மணிகளைப்போல் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். பிறகே காதடைப்பானை மாட்டச் சொன்னார்.

விசை இவ்வளவு கனமாக இருக்குமென்று நான் எண்ணியதில்லை. உருளையைச் சுழற்றுவது, சுத்தியலைப் பின்னுக்கு உயர்த்துவது, அதை விடுவிப்பது ஆகிய மூன்று வேலைகளையும் ஒரே விரல் இழுத்து முடிக்க வேண்டும். சுத்தியலைக் கட்டைவிரலால் முன்னரே பின்னுக்கு இழுத்து நிறுத்திவிட்டால், விசை இலேசாகிவிடுகிறது. கையில் விழும் உதையோ சிறிதுதான். தேங்காய் உரிக்கிறவளுக்கு அது ஒரு பொருட்டன்று. ஓசைதான் காதையும் கடந்து நெஞ்சுக்கூட்டில் வந்து முட்டியது. குறி பார்க்கும் முன்முனைக்கும் பின்பள்ளத்துக்கும் இடையே ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் இடைவெளிதான் இருக்கிறது. அதில் 1 மில்லிமீட்டர் பிசகினால், 10 மீட்டர் தொலைவிலுள்ள தாளில் குண்டு 8 சென்டிமீட்டர் விலகிப் போகும். 50 மீட்டர்வரை சுடலாம் என்று அறிவித்திருக்கிறார்கள். சுடலாம்தான்.

ஆறேழு சுற்றுகளுக்குப் பின் பயிற்சியாளர் ரிவால்வரை வாங்கி, முதுகைத் திருப்பிக்கொண்டு எதையோ நிரப்பித் தந்தார். சில அறைகளில் தோட்டா, சிலவற்றில் சுட்டு முடித்த வெற்றுறை; எது எங்கேயென்று எனக்குத் தெரியாது. முதலிரண்டும் வெடித்தன. மூன்றாவது வெறுமனே ‘டக்’கென்றது. அந்தக் கணத்தில் என் கையிலிருந்த குழல், எவரோ பிடித்து அழுத்தியதுபோல் ஒரு விரற்கடை தாழ்ந்து நின்றது. மருந்தும் இல்லை, ஓசையும் இல்லை. ஆயினும் உடல் முன்கூட்டியே குனிந்து, வரப்போகும் வெடியை எதிர்கொண்டுவிட்டது.

“முப்பது வருசம் சுட்டவனுக்கும் இது இருக்கும்மா. தோட்டா இருந்தா சத்தத்துல மறைஞ்சிரும். இல்லாதப்பதான் தெரியும்,” என்றார் அவர், மிக இயல்பாக.

அதற்குப்பின் நெடுநேரம் வெற்றுறைகளைக் கொண்டே பழகினேன். இலக்குத் தாளிலிருந்த துளைகளைவிட, ஓசையற்ற அந்தத் தாழ்வையே என் கண்கள் தேடின. மூச்சைப் பாதி வெளிவிட்டு, வெடிக்குமா என்று எண்ணாமல், விசையை மட்டும் சீராக இழுத்தபோது ஒருமுறை குழல் அசையாதிருந்தது. அடுத்த முறை மறுபடியும் தாழ்ந்தது.

அன்றிரவு தம்பி தொலைபேசியில் கேட்டான்: “அக்கா, இனிமே பயமில்லாமத் தூங்குவீங்கல்ல?” உதை குறைவென்றும், விசை கனமென்றும், ஓசை பெரிதென்றும் சொன்னேன். மூன்றாவது அறையைப்பற்றிச் சொல்லவில்லை. தேர்தல் அறிவிப்பு வந்தால் இதைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க நேரிடும் என்பதை நினைவூட்டினேன். அந்த வாரங்களில் திருடர்களும் வாக்குச் சேகரிக்கப் போய்விடுவார்கள் போலும் என்றதற்கு அவன் சிரிக்கவில்லை.

ரிவால்வர் இரும்புப் பெட்டியிலும், தோட்டாக்கள் வேறொரு பூட்டுக்குள்ளும் இருக்கின்றன. உரிமத்தில் எழுதியுள்ள எண்ணிக்கைக்கு மேல் ஒரு தோட்டாவும் வாங்க இயலாதாகையால் எஞ்சியவற்றை எண்ணி வைத்திருக்கிறேன். அடுத்த மாதமும் சுடுதளத்துக்குப் போவேன். வெற்றுறைகளையும் கலந்தே நிரப்பித் தரும்படி இம்முறை நானே கேட்பதாக இருக்கிறேன்.