முதலில் நெருப்பு

மாவனல்லையில் எங்கள் வீட்டு முன் கொட்டிலில் நிற்கும் றைலி 1.5 காருக்கு என்னைவிட வயது அதிகம். 1957 முதல் 1965 வரை இங்கிலாந்தில் தயாரான வகை. 1489 சீசீ இன்ஜின், நாலு சிலிண்டர், இரண்டு எஸ்.யூ. காபரேட்டர். அந்த இரண்டையும் ஒரே மூச்சில் இயங்க வைப்பது வாப்பாவின் வேலை. அவருடைய கருவி ஒரு முழ றப்பர் குழாய். ஒரு முனை காதில், மறுமுனை காபரேட்டரின் வாயில். காற்று இழுபடும் சீறலை இரண்டிலும் மாறி மாறிக் கேட்டே சமப்படுத்திவிடுவார்.

2022 இல் பெற்றோல் பங்கீடு வந்தது. காருக்கு வாரம் 20 லீற்றர். அந்த நாட்களில்தான் இன்ஜின் ஸ்லோவில் நிற்காமல் அணையத் தொடங்கியது. வாப்பாவுக்குக் காது மந்தமாகியிருந்ததால் அவரிடம் கேட்காமல், இரண்டு ஸ்லோ ஸ்குரூவையும் நானே கூட்டிவிட்டேன். இன்ஜின் நின்று ஓடியது. எனக்குப் பெருமை.

ஆனால் கடுகண்ணாவை ஏற்றத்தில் கார் இழுக்கவில்லை. தண்ணீர் கொதித்தது. பெற்றோல் நாலு நாளில் தீர்ந்தது. திறப்பை எடுத்த பிறகும் இன்ஜின் சற்று நேரம் குலுங்கிக் குலுங்கி ஓடியது.

வாப்பா வந்து பொனற்றில் கையை வைத்தார்.

"ஸ்லோவக் கூட்டித்தானே வெச்சீக்கி, மகன்?"

நான் பேசவில்லை.

"மொதல்ல நெருப்பு. பொறகுதான் பெற்றோல்."

டிஸ்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிக் காட்டினார். பொயின்ற்றின் குதி தேய்ந்து இடைவெளி குறுகியிருந்தது. இடைவெளி குறுகினால் பொயின்ற் பிந்தித் திறக்கும், தீப்பொறியும் பிந்தும். பிந்திய நெருப்பின் பலம் பிஸ்டனைத் தள்ளாமல் சூடாகப் புகைக்குழாயில் போய்விடும். ஸ்லோ விழுவது அதனால்தான். நான் செய்தது, நோயைப் பாராமல் கூடுதலாகச் சோறு ஊட்டியது.

அடுத்த ஞாயிறு இருவரும் வேலையில் இறங்கினோம். பொயின்ற் இடைவெளியை ஆயிரத்தில் 15 அங்குலத்துக்கு வைத்தோம். கப்பியின் வெட்டைக் குறிக்கு நேரே கொண்டுவந்து, சிறு பல்ப் ஒன்றைக் கொழுவி, அது பற்றும் கணத்தில் டிஸ்ரிபியூட்டரை இறுக்கினோம். இன்ஜின் சூடானதும் இரண்டு காபரேட்டர்களையும் இணைக்கும் கம்பியைத் தளர்த்தினோம். தளர்த்தாவிட்டால் ஒன்றைத் திருப்ப மற்றதும் அசையும். எது சரி, எது பிழை என்று தெரியாது.

வாப்பா குழாயை என்னிடம் நீட்டினார். அவர் அதை நீட்டியது அதுவே முதல் தடவை.

முன்னதில் சீறல் கொஞ்சம் அதிகம். பல தடவை திருப்பியும் சரிவரவில்லை. அலுத்துப்போய், "சமம் வாப்பா" என்றேன். அவர் மட்கார்டில் உள்ளங்கையை வைத்தபடி நின்றார்.

"சமமில்ல. கை சொல்லுது."

முகத்தைத் திருப்பிக்கொண்டு மீண்டும் குனிந்தேன். கால் திருப்பு, அதிலும் பாதி. இரண்டு சீறலும் ஒன்றானபோது நான் சொல்லுமுன்பே அவர் கையை எடுத்துவிட்டார். பிறகு ஒவ்வொரு காபரேட்டரின் பிஸ்டனையும் மயிரிழை உயர்த்திப் பார்த்தோம். வேகம் கூடியே நின்றால் பெற்றோல் அதிகம். இன்ஜின் அணையப் பார்த்தால் குறைவு. சற்றே கூடி அடங்கினால் சரி. கடைசியில் கம்பியை இறுக்கினோம்.

மாலையில் கடுகண்ணாவை ஏறினோம். புத்தகத்துக் கணக்கு அந்தக் காலத்துப் பெற்றோலுக்கு. இன்றையதற்கு ஏற்றமே சாட்சி. ஏறும்போது இன்ஜினில் 'கிணிகிணி' என்று கேட்டால் நெருப்பு முந்துகிறது, மயிரளவு பின்னுக்கு எடு என்றார். கேட்கவில்லை. கார் தண்ணீர் கொதிக்காமல் ஏறியது.

அடுத்த வருடம் வாப்பா மௌத்தானார். குழாய் இப்போதும் காரின் லாச்சியில் கிடக்கிறது. ஸ்லோ விழும்போதெல்லாம் கை முதலில் ஸ்குரூவுக்குத்தான் போகிறது. வீட்டிலும் வேலையிலும் எத்தனை பிழைகளை அப்படிக் கூட்டிவைத்து மறைத்திருப்பேன்? கையை இழுத்துக்கொண்டு, டிஸ்ரிபியூட்டர் மூடியைக் கழற்றுகிறேன்.