எஃப்-3 பங்காளிகள்

திங்கள்

வருகிற சனிக்கிழமை கால்பந்து டெர்பி. கோஸ்ஃபர்ட் அணியான மரைனர்ஸ் நியூகாசிலுக்குப் போய் அந்த ஊர் ஜெட்ஸோடு ஆடுகிறார்கள். அலுவலகத்தில் இன்றைக்கே கச்சேரி ஆரம்பித்துவிட்டது. சிட்னிக்கு வடக்கே டக்கெராவில் வேலை பார்ப்பதில் இது ஒரு வேடிக்கை. பாதிப் பேர் தெற்கே கோஸ்ஃபர்டிலிருந்து வருகிறார்கள், மீதிப் பேர் வடக்கே நியூகாசில் பக்கத்திலிருந்து. கணக்குப் பார்க்கும் அம்மாள் அசல் நியூகாசில்காரர், ஓய்வுபெறும் வயது. ஜெட்ஸ் கழுத்துத் துண்டைக் கொண்டுவந்து நாற்காலி முதுகில் தொங்கவிட்டுவிட்டார். எதிர் மேசைப் பையன் கோஸ்ஃபர்ட். சும்மா இருப்பானா? மத்தியானம் கடைக்குப் போய் ஒரு தக்காளி சாஸ் பாட்டில் வாங்கி வந்து, அந்தத் துண்டுக்கு நேர் எதிரே நிறுத்தி வைத்தான்.

வெளியூர்க்காரர்களுக்கு இந்தச் சாஸ் பாட்டில் புரியாது. கோஸ்ஃபர்ட் மைதானத்தில், ஆட்டக்காரர்களைக் குள்ளர்களாக்கும் அளவுக்குப் பெரிய சாஸ் பாட்டில்களை நிறுத்திவைப்பார்கள். மாஸ்டர்ஃபுட்ஸ் விளம்பரம், அதன் ஆலை இந்தப் பக்கம்தான் இருக்கிறது. பார்த்துச் சிரித்த ஜனங்களே பிறகு அதைக் குலதெய்வம் மாதிரி ஆக்கிக்கொண்டார்கள். அந்த மைதானமே ஒரு தினுசு. சுமார் 20,000 பேர் உட்காரலாம். ஆனால் மூன்று பக்கம்தான் அரங்கு. நான்காவது பக்கம் திறந்து கிடக்கிறது: வரிசையாகப் பனை ஜாதி மரங்கள், அதற்கப்பால் பிரிஸ்பேன் வாட்டர் என்கிற உப்பங்கழி. ஆட்டம் சப்பென்று போனால் படகு பார்த்துக்கொண்டிருக்கலாம். மரைனர்ஸ் ரசிகனுக்குப் பல வருஷம் அந்தப் படகுகள்தான் ஆறுதல்.

ஜெட்ஸ் பெயருக்கும் காரணம் உண்டு. நியூகாசிலுக்குச் சற்று வடக்கே வில்லியம்டவுனில் விமானப்படைத் தளம். போர் விமானங்கள் தலைக்கு மேல் இரைந்துகொண்டு போவது அந்த ஊரில் காக்கை கத்துவது போல. ஆக ஒருவன் மாலுமி, ஒருவன் விமானி. நடுவில் 80 கிலோமீட்டர் சாலை.

அந்தச் சாலையின் பெயரில்தான் இந்தச் சண்டைக்கும் பெயர்: எஃப்-3 டெர்பி. சிட்னியிலிருந்து நியூகாசில் போகும் விரைவுச் சாலை எஃப்-3. 2013இல் அரசாங்கம் அதற்கு எம்-1 என்று புதுப் பலகை மாட்டிவிட்டது. ரசிகர்கள் பலகையைப் படிக்கவில்லை.

செவ்வாய், இரவு

மகள் சாப்பிடும்போது கேட்டாள்: “அப்பா, நாம ஏன் சிட்னியை விட்டுட்டு நியூகாசிலை வெறுக்கிறோம்? சிட்னிதானே பணக்காரங்க?”

நியாயமான கேள்வி. சிட்னிக்காரன் கண்ணுக்கு இரண்டு ஊரும் ஒன்றுதான், லீவுக்கு வடக்கே காரோட்டினால் வழியில் வருபவை. ஆனால் சண்டை எப்போதும் அப்படித்தான் மூளும். பங்காளிக் காய்ச்சல் என்று சும்மாவா சொன்னார்கள்? தெருக்கோடிச் செட்டியார் மாடி மேல் மாடி கட்டினால் நமக்கு ஒன்றுமில்லை. பங்காளி வீட்டில் ஓடு மாற்றினால் அன்றைக்குத் தூக்கம் போய்விடும்.

இதில் மூத்த வீடு நியூகாசில். நிலக்கரி தோண்ட ஸ்காட்லாந்திலிருந்தும் வட இங்கிலாந்திலிருந்தும் வந்தவர்கள் பந்தையும் கையோடு கொண்டுவந்தார்கள். மின்மி என்கிற சுரங்க ஊரில் 1880களிலேயே கிளப் இருந்தது. ஆடம்ஸ்டவுன் ரோஸ்பட் 1889. அதே 1889இல்தான் ஹாக்ஸ்பரி ஆற்றுக்கு மேல் ரயில் பாலம் முடிந்து, சிட்னிக்கு நேராகத் தண்டவாளம் வந்தது. அதாவது சிட்னிக்கு ஒழுங்கான ரயில் வரும் முன்பே அங்கே கால்பந்து வந்துவிட்டது. லிவர்பூலுக்காக 1986 எஃப்.ஏ. கோப்பை ஃபைனலில் கோல் போட்ட கிரெய்க் ஜான்ஸ்டன் அங்கே மக்குவாரி ஏரிப் பக்கம் வளர்ந்தவர். பிற்பாடு பிரெடேட்டர் பூட்ஸைக் கண்டுபிடித்தவரும் அவரே. 1978இல் தேசிய லீகில் சேர்ந்தது கேபி யுனைடெட். இத்தனைக்கும் அது ரக்பி லீக் ஊர். நைட்ஸ் அணி 1997இலும் 2001இலும் கோப்பை வாங்கியதைக் கணக்கம்மாள் சொல்லும்போது கண் கலங்குகிறது. 1999இல் பிஹெச்பி இரும்பாலையை மூடியதைச் சொல்லும்போதும் அதே கண்.

கோஸ்ஃபர்டுக்கு இந்தப் பூர்வீகம் எதுவும் கிடையாது. மரைனர்ஸ் 2004இல் பிறந்த குழந்தை. விடியற்காலை ரயிலேறிச் சிட்னிக்கு வேலைக்குப் போய் இருட்டிய பிறகு வீடு திரும்பும் ஊருக்குச் சொந்தமாக ஒரு கிளப். 2005இல் ஏ-லீக் தொடங்கியபோது எட்டு அணிகளில் தலைநகரமோ பெருநகரமோ அல்லாத ஊர்கள் என்று பார்த்தால் இந்த இரண்டும்தான்.

இப்போது லீக் பட்டக் கணக்கைப் பார்க்கலாம். மரைனர்ஸ் 2013, 2023, 2024. மூத்த வீட்டுக்கு ஒன்றே ஒன்று, 2008. எரிச்சலாக இருக்காதா?

மகளிடம் இவ்வளவும் சொல்லவில்லை. “பக்கத்துல இருக்காங்க, அதான்” என்றேன். “இது ஒரு பதிலா?” என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

புதன்

2008 பற்றி எழுதாமல் இந்த வாரத்தைத் தாண்ட முடியாது.

விதை அதற்கும் முந்தியது. லீக் தொடங்கும் முன்பே, 2005 மே மாதம், ஓசியானியா கிளப் போட்டிக்கான தகுதி ஆட்டத்தில் இரண்டு அணிகளும் முதல்முறை மோதின. அதிலேயே நியூகாசில் தடுப்பாட்டக்காரர் ஆண்ட்ரூ டுரான்டேயின் கால் முறிந்தது. அறிமுகமே எலும்பு முறிவு.

2007–08 பருவத்தில் இரண்டும் 34 புள்ளிகளோடு முடித்தன. கோல் வித்தியாசத்தில் மரைனர்ஸ் முதலிடம். அரையிறுதி இரண்டு ஆட்டம். நியூகாசிலில் ஜெட்ஸ் 2–0. கோஸ்ஃபர்டில் மரைனர்ஸ் கூடுதல் நேரம் வரை இழுத்து 3–0. மரைனர்ஸ் நேராக ஃபைனலுக்கு, ஜெட்ஸ் பின்வாசல் வழியாகக் குயின்ஸ்லாந்து ரோரை வென்று ஃபைனலுக்கு. முறைப்படி கோஸ்ஃபர்டில் நடந்திருக்க வேண்டிய ஃபைனலை, இடம் போதாது என்று சிட்னிக்குக் கொண்டுபோனார்கள். பங்காளிகள் சொத்துத் தகராறைத் தீர்க்கச் சிட்னி கோர்ட்டுக்குப் போன கதைதான்.

பிப்ரவரி 24. 36,000 பேருக்கு மேல். 64ஆம் நிமிடம் மார்க் பிரிட்ஜ் கோல் போட்டார். நியூகாசில் 1–0. கடைசியில், சேர்த்துக் கொடுத்த நிமிடங்களில், நியூகாசில் பெனால்டி கட்டத்துக்குள் பந்து இளம் வீரர் ஜேம்ஸ் ஹாலண்டின் கையில் பட்டது. நடுவர் மார்க் ஷீல்ட் விசில் ஊதவில்லை. மரைனர்ஸ் கோல்கீப்பர் டேனி வுகோவிச் ஓடிவந்து கத்தி, நடுவர் கையைத் தட்டிவிட்டார். சிவப்பு அட்டை. பிறகு நீண்ட தடை; அந்த வருஷப் பெய்ஜிங் ஒலிம்பிக்ஸும் அதிலேயே போயிற்று. ஆட்ட நாயகனுக்கான ஜோ மார்ஸ்டன் பதக்கம் யாருக்கு? கால் முறிந்த அதே டுரான்டேவுக்கு.

யூடியூபில் இன்று மறுபடி பார்த்தேன். கைதான். பெனால்டிதான். ஆனால் பெனால்டி கொடுத்திருந்தால் கோல் ஆகியிருக்கும் என்று கோஸ்ஃபர்டில் எல்லோரும் சத்தியம் செய்வது கொஞ்சம் அதிகம். கம்பத்தில் அடித்தவர்கள் எத்தனை பேர்! அதுவும் கோல் ஆனாலும் 1–1தான், கோப்பை இல்லை. இதைச் சாஸ் பாட்டில் பையனிடம் சொன்னால் என்னைக் கேன்டீனில் சேர்த்துக்கொள்ள மாட்டான்.

வுகோவிச் கதை அங்கே நிற்கவில்லை. வேறு கிளப்புகள், வெளிநாடு என்று சுற்றிவிட்டு 2022இல் திரும்ப வந்தார். கேப்டன் பட்டையோடு 2023இல் கோப்பை தூக்கினார்: மெல்போர்ன் சிட்டிக்கு எதிராக 6–1. ஜேசன் கம்மிங்ஸ் மூன்று கோல். அடுத்த வருஷம் மறுபடியும் தூக்கினார். கூடவே லீக் முதலிடமும், மஸ்கட்டில் லெபனானின் அல் அஹெதை 1–0 என்று வென்று ஏ.எஃப்.சி. கோப்பையும்.

கணக்கம்மாளிடம் இதைச் சொன்னேன். சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, “பதினைந்து வருஷம் காத்திருந்தானே, பாவம்” என்றார். அனுதாபமா, நக்கலா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

வியாழன்

மழை. மகளுக்குப் பயிற்சி ரத்து.

ஒரு வேடிக்கை: லாரி மெக்கின்னா. ஸ்காட்லாந்துக்காரர், மரைனர்ஸின் முதல் பயிற்சியாளர், 2008இல் தோற்ற அணியின் தலைவாசலில் நின்றவர். 2012இல் கோஸ்ஃபர்ட் மேயர் ஆனார். ஊரே தூக்கி வைத்துக்கொண்டாடியது. 2016இல் போய் நியூகாசில் ஜெட்ஸின் தலைமை நிர்வாகியாக உட்கார்ந்தார்! நம் பக்கத்தில் கட்சி மாறுகிறவர்கள்கூட ஒரு அறிக்கையாவது விடுவார்கள்.

இன்னொன்று. கராங் குவோல் என்ற மரைனர்ஸ் பொடியன் நியூகாசிலுக்கு விலைபோகிறான் என்று 2022இல் செய்தி. எதிர் மேசைப் பையனுக்கு ஒரு நிமிஷம் மூச்சு நின்றுவிட்டதாம். இங்கிலாந்தில் இருக்கிற நியூகாசில்.

வெள்ளி

மத்தியானம் சாப்பிடும்போது பேச்சு பணத்துக்குப் போயிற்று. அங்கே வந்ததும் இரண்டு கட்சியும் ஒரே குரலில் பேச ஆரம்பித்தது.

ஜெட்ஸை 2010இல் நேதன் டிங்க்லர் என்ற நிலக்கரி அதிபர் வாங்கினார். 2015இல் உரிமத்தையே பிடுங்க வேண்டியதாயிற்று. பிறகு ஒரு சீன முதலாளி. 2021இல் அவரும் போய், போட்டி கிளப்புகளின் முதலாளிகளே சேர்ந்து பணம் போட்டுத் தாங்கிப்பிடித்தார்கள். 2024இல்தான் புதுக் கை. மரைனர்ஸும் ஒன்றும் மிராசுதார் இல்லை. 2016இல் கடைசி, 2018, 2019, 2020 மூன்று வருஷமும் தொடர்ந்து கடைசி. 2018இல் ஓட்டப்பந்தய வீரர் உசைன் போல்ட்டைக் கூட்டிவந்து ஆடவிட்டுப் பார்த்தார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது, அணி கடைசியிலேயே இருந்தது. நல்ல பையன்களை வளர்ப்பது, பெரிய இடத்துக்கு விற்பது, அந்தக் காசில் அடுத்த பருவம். ஆஸ்திரேலியக் கோல்கீப்பர் மேட் ரையன் அப்படி இங்கிருந்து போனவர்தான்.

2022 டிசம்பரில், இனி மூன்று வருஷ ஃபைனல்கள் சிட்னியில்தான் என்று லீக் நிர்வாகம் விற்றுவிட்டது. நாடு முழுக்க ரசிகர்கள் ஆட்டத்தின் 20ஆம் நிமிடம் எழுந்து வெளியேறினார்கள். அடுத்த வருஷம் ஒப்பந்தம் ரத்து. அதனால்தான் 2024 மே மாதம் ஃபைனல் கோஸ்ஃபர்டிலேயே நடந்தது, மெல்போர்ன் விக்டரியை 3–1 என்று வென்றதை உப்பங்கழிக் காற்றிலேயே பார்க்க முடிந்தது. வெளியேறிய கூட்டத்தில் தானும் இருந்ததாகக் கணக்கம்மாள் சொன்னார். “உங்களுக்காக இல்லை” என்று உடனே சேர்த்துக்கொண்டார்.

நான் பதிலுக்கு 2018ஐ எடுத்தேன். நியூகாசிலிலேயே ஃபைனல், 29,000க்கும் மேல் கூட்டம். 9ஆம் நிமிடம் விக்டரி போட்ட கோல் ஆஃப்சைடு. பார்த்துச் சொல்ல வேண்டிய வீடியோ நடுவரின் கருவி அந்த நேரம் பார்த்துப் படுத்துவிட்டது. 0–1. அநியாயம் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அம்மாள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். “அன்றைக்கு ராத்திரி நீங்கள் சிரித்தீர்களா, இல்லையா?”

சாஸ் பாட்டில் பையன் எனக்காகப் பதில் சொன்னான்: “ஊரே சிரித்தது.”

சனி, ரயிலில்

வயாங்கில் ஏறினோம். பெட்டியில் மஞ்சள் சட்டைகளே அதிகம். மோரிசெட் வரை ராஜ்யம் நம்முடையது. ஃபாசிஃபெர்னில் ஒரு பெரியவர் ஜெட்ஸ் தொப்பியோடு ஏறி, அத்தனை இடம் காலியாக இருந்தும் எங்கள் எதிரே வந்து உட்கார்ந்தார். ஜன்னலில் ஏரி தெரிந்தது. பக்கத்துத் தண்டவாளத்தில் நிலக்கரிப் பெட்டிகள் முடிவே இல்லாமல் துறைமுகம் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன.

மகளின் மஞ்சள் சட்டையை மேலும் கீழும் பார்த்தார். “2008இல் நீ பிறக்கவே இல்லை” என்றார்.

அவள் மூன்று விரலை நீட்டினாள். “2013, 2023, 2024.”

“அந்த மூன்றில் எங்களை ஜெயித்து வாங்கியது எது?”

வாயடைத்துப்போனாள். ஒன்றும் இல்லைதான். வாண்டரர்ஸ், சிட்டி, விக்டரி. நியூகாசிலிடம் இருக்கும் ஒரே லீக் பட்டமோ எங்கள் கையிலிருந்து பிடுங்கியது. மூத்த வீட்டுக்கு ஒரே நகைதான், ஆனால் அது நம் பெட்டியிலிருந்து எடுத்த நகை. இந்த ஒரு கணக்கால்தான் இரண்டு பக்கமும் 2008ஐ விட மாட்டேனென்கிறது என்று எனக்குப் படுகிறது. அவர்களுக்கு வேறு சொல்ல இல்லை; நமக்கு அதை மட்டும் சொல்ல முடியவில்லை.

கார்டிஃப் தாண்டியதும் மகள் என் கையை இடித்தாள். “அப்பா, அது நிஜமாவே ஹேண்ட்பால்தானே?”

“ஆமாம்மா.”

“அப்ப அதை இவர்கிட்ட சொல்லு.”

சொன்னேன். ஷீல்ட், ஹாலண்ட், வுகோவிச் எல்லாப் பெயரும் போட்டு, கட்டத்துக்குள்ளே, கையில் பட்டது என்று முறையாகச் சொன்னேன். பெரியவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.

“எந்தக் கை?” என்றார்.